மேலுரமாகப் போன தாய்மாமன்

தன்னை உரமாக எழுதிக்கொண்ட சேதி காசிமாயனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் லீவு கேட்கப் போன இடத்தில்.

செங்கரட்டுக் கலப்புக் காட்டில் அவனுக்கு இலை பறிக்கிற வேலை. கேட்பதற்கு ஏதோ கீரை ஆய்கிற வேலை மாதிரி இருக்கும். ஏறிப் பார்த்தால்தான் தெரியும். நாற்பது ஹெக்டேர், பதினான்கு வகை மரம். உச்சாணிக் கிளையில், வெயில் படுகிற பக்கத்தில், முற்றிய இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். கொழுந்து கூடாது, பழுப்பு கூடாது, பறவை எச்சம் பட்டது கூடாது. கீழே உதிர்ந்து கிடக்கும் இலையைத் தொடவே கூடாது. ஏனென்றால் மரம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இலையை உதிர்ப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் சத்தையெல்லாம் உறிஞ்சிக் கிளைக்குள் பத்திரப்படுத்திவிடும். வீடு காலி செய்கிறவர்கள் பல்பைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போவார்களே, அந்தக் கதைதான். உதிர்ந்த இலையைச் சோதித்தால் காடே பட்டினி கிடப்பதாகத்தான் காட்டும்.

பறித்த இலையை முகாமிலிருக்கும் பெட்டிக்குள் போட வேண்டும். அந்தப் பெட்டிக்கு, காட்டை நடத்துகிற இயக்ககம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஆட்கள் அதை வைத்தியர் என்று சொல்லிவிட்டார்கள், மரியாதையாக 'அவர்' போட்டு. இலையில் தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பல்சத்து எவ்வளவு என்று பார்த்து, எந்த ஹெக்டேருக்கு என்ன உரம், எத்தனை நாளைக்கு என்று சீட்டு அடித்துத் தருவார். அவர் சொன்னால் சொன்னதுதான். மேலே இருக்கிறவர்களும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

ஆனால் பாருங்கள், பதினெட்டு வருஷமாக வைத்தியருக்கே இந்தக் காடு பிடிபடவில்லை. ஒரே மரமாக நட்டிருந்தால் ஒரே உரத்தைக் கொட்டிவிட்டுப் போகலாம். இது கலப்புக் காடு. வேங்கை தன் வேரிலேயே தழைச்சத்தைத் தயார் பண்ணிக்கொள்ளும், யூரியாவைப் போட்டால் ஏறெடுத்தும் பார்க்காது. பக்கத்தில் நிற்கும் நாவல் எவ்வளவு போட்டாலும் பசி பசி என்னும். மகாகனிக்குப் போதும் என்றால் இலுப்பைக்குக் கருகும். ஒரு வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்கு வளர்கிற வயசு என்றால் சமைக்கிறவள் என்ன செய்வாள்? வைத்தியரும் அப்படித்தான் திண்டாடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பதினேழாம் ஹெக்டேரின் இலைகள் உள்ளே போயின. பதினான்கு மரமும் பதினான்கு விதத்தில் சரியாக இருந்தன. குறையும் இல்லை, மிகையும் இல்லை. இத்தனைக்கும் அங்கே மூன்று வருஷமாக ஒரு பிடி உரம் போட்டதில்லை.

காரணம் யாருக்கும் தெரியாமலில்லை. பதினேழில்தான் இலை பறிக்கும் நாலு பேரின் முகாம் இருந்தது. சமையல்காரர் ஜெபமாலை அரிசி கழுவின தண்ணீரை நாவலடியில் கொட்டுவார், அடுப்புச் சாம்பலை இலுப்பைக்குப் போடுவார், கருவாட்டுத் தலையை வீசுவார். நாலு பேரும் விடிந்ததும் ஆளுக்கொரு புதர்ப் பக்கம் ஒதுங்குவார்கள். இதற்கு மேல் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியருக்குக் கருவாடும் தெரியாது, புதரும் தெரியாது. எல்லா ஹெக்டேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் ஒன்றே ஒன்று: பதினேழில் தினமும் நாலு பேருடைய போன் இருந்திருக்கிறது. உடனே சீட்டு வந்துவிட்டது. "இலை பறிப்போர், எண்ணிக்கை நான்கு. ஹெக்டேருக்கு ஒன்று வீதம் சீராக இடவும். காலம்: இலையின் சத்து நிறைவு பெறும் வரை."

ரேஞ்சர் கமலவேணி நல்ல மாதிரி. சீட்டைப் பார்த்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை போன் போட்டாள். சீட்டில் பிழையில்லை என்றார்கள். சீட்டில் எழுதிய பொருளை, உரம் அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கியிலிருந்துதான் வழங்க வேண்டும் என்பது விதி. கிட்டங்கியிலிருந்து வழங்க வேண்டுமென்றால் முதலில் அது கிட்டங்கியின் இருப்பில் இருக்க வேண்டும். ஆக, நாலு பேரையும் வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று.

இதெல்லாம் தெரியாமல்தான் காசிமாயன் ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனான். கிட்டங்கிக்காரர் துரைக்கண்ணுவுக்குப் பதிவேடு என்றால் உயிர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவர் விண்ணப்பத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"உரத்துக்கு லீவு கிடையாதே காசி."

காசிமாயன் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

துரைக்கண்ணு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். யூரியாவுக்கும் வேப்பம் புண்ணாக்குக்கும் நடுவில் அவன் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே 'மேலுரம்' என்று போட்டிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தைரியம் சொன்னார். மரம் நடுவதற்கு முன்னால் குழிக்குள் போட்டு மூடுகிறது அடியுரம், வளர்ந்த மரத்துக்கு மேலாகத் தூவுகிறது மேலுரம். நீ மேலுரம்தான், ஒன்றும் பயமில்லை என்றார். காசிமாயனுக்கு அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது. வேறு ஆறுதல் எதுவும் அந்த அறையில் இல்லை.

லீவு எதற்கென்றால் காதுகுத்துக்கு. அவனுக்குக் கூடப் பிறந்தது பேச்சி ஒருத்திதான். அப்பன் ஆத்தா இல்லாமல் அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. அங்கயற்கண்ணி என்று பெயர் வைத்து, கயலு என்று கூப்பிடுகிறார்கள். பதினோராம் மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டையெடுத்துக் காது குத்த வேண்டும். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் வராவிட்டால் சும்மா விட்டுவிட மாட்டார்கள். பெரியப்பா மகன் செல்வரத்தினம், போர்வெல் லாரி வைத்திருக்கிறவன், புது வேட்டி வாங்கி மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். பேச்சியின் மாமியார் வீட்டுக்கும் அவன்மேல்தான் பிரியம். ஒருமுறை மடி மாறினால் மாறினதுதான். நாளைக்கு அந்தப் பிள்ளை சமைந்தாலும், கழுத்தில் தாலி ஏறினாலும் மாமன் இடத்தில் செல்வரத்தினம்தான் நிற்பான். காசிமாயன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் இருந்த அவனுக்கு உலகத்தில் உரிமை என்று இருந்தது அந்த ஒரு மடிதான்.

ஒரே ஒரு நாள் வெளியே போய் வர வழியிருக்கிறதா என்று துரைக்கண்ணுவைக் கேட்டான். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மேலுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடத்தல். தரமில்லை என்று திருப்பி அனுப்புவதாக இருந்தால் மட்டும் சாக்கில் கட்டி, வாய் தைத்து, சீல் வைத்து அனுப்பலாம்.

"சாக்குல வேணாலும் போறேன் சார்" என்றான் காசிமாயன்.

"நீ எத்தனை கிலோ?"

"அறுபத்திரண்டு."

துரைக்கண்ணு நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஒரு சாக்குக்கு அம்பது கிலோதான் கட்டலாம். ரெண்டு மூட்டையாத்தான் அனுப்ப முடியும் காசி."

அவன் ரேஞ்சரிடம் போனான். கமலவேணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உரத்தை நாற்காலியில் உட்கார வைத்த முதல் அதிகாரி அவளாகத்தான் இருக்கும். "தப்புன்னு எனக்கும் தெரியுது காசிமாயன்" என்றாள். "ஆனா தப்புன்னு எழுதறதுக்குப் படிவத்துல கட்டமே இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டு, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான். பேச்சி திருப்பிக் கேட்டாள்.

"என்னவா ஆயிட்டேன்னு சொன்ன?"

"உரம்."

"எந்த உரம்?"

"மேலுரம்."

"மேலுரமோ கீழுரமோ, எம்பிள்ளை உன் மடியிலதான் உக்காரும். நீ வர முடியாட்டி என்ன? நாங்க வாரோம்."

கோயிலை விட்டுவிட்டுக் காட்டில் காது குத்துவதா என்று மாமியார் வீட்டில் குதித்தார்கள். பேச்சி அதற்கும் வழி வைத்திருந்தாள். குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துக்கொண்டு போய் வைத்தால் சாமியும் கூடவே வந்துவிடும். பஞ்சம் பிழைக்கப் போன இடத்திலெல்லாம் அந்த வம்சம் அப்படித்தான் சாமியை வைத்துக் கும்பிட்டிருக்கிறது. மாமியார் வீட்டாரும் சரியென்று வண்டி பேசினார்கள். செல்வரத்தினம் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று புது வேட்டியையும் எடுத்துக்கொண்டு வண்டியேறினான்.

சோதனைச் சாவடியில் காவலாளி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். பெரியவர்கள் அறுபத்தொன்று. கிடா மூன்று. நாவிதர் ஒருவர், ஆசாரி ஒருவர். பதினோரு மாதக் குழந்தை ஒன்று. விதை, செடி, மண் ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று கேட்டான். பேச்சி முந்தானையில் முடிந்திருந்த மண்ணை இடுப்பில் செருகியபடியே இல்லை என்றாள். அப்புறம் அண்ணன் கேட்டபோது, அவன் மண் இருக்கிறதா என்றுதானே கேட்டான், சாமி இருக்கிறதா என்று கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டாள்.

சீட்டுப்படி காசிமாயனுக்கு விழுந்தது இருபத்து மூன்றாம் ஹெக்டேர். அங்கே ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் எதிரே ஒரு பெரிய நாவல் மரம். அதன் வேரடியில் பிடிமண்ணை வைத்து, விளக்கேற்றி, சாமியை இறக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிடா ரத்தமும் மொட்டை முடியும் பொங்கல் தண்ணீரும் ஊறிய மண் அது. கையில் எடுத்தால் கருப்பட்டி மாதிரி பிசுபிசுக்கும்.

காசிமாயன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பேச்சி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். நாவிதர் தண்ணீர் தொட்டு மழிக்க ஆரம்பித்ததும் அது அவன் மீசையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டது. ஆசாரி இரண்டு காதிலும் குத்தினார். பிள்ளை அழுதது நியாயம். முப்பத்தொன்பது வயது ஆள் அதைவிடச் சத்தமாக அழுததை என்னவென்று சொல்வது? பேச்சி முந்தானையால் இரண்டு பேர் முகத்தையும் துடைத்துவிட்டாள். செல்வரத்தினம் பழத்தட்டை ஏந்திக்கொண்டு பின்வரிசையில் நின்றான்.

கிடா வெட்டி, ஜெபமாலை சமைத்து, எல்லாரும் மரத்தடியிலேயே சாப்பிட்டுக் கை கழுவினார்கள். துரைக்கண்ணு விதிமீறல் ஏதும் நடக்கிறதா என்று பார்க்க வந்து, இரண்டாம் முறையும் கறி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அத்தனையும் மக்கக்கூடிய பொருள்தானே என்று அவருக்குத் தோன்றியதாம். சாயங்காலம் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். சாமி மட்டும் நாவலடியில் இருந்தது. காசிமாயன் மீசையைத் தடவிக்கொண்டு, உரமாக இருந்தாலும் பரவாயில்லை, இது போதும் என்று நினைத்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். வைத்தியர் விடுவாரா?

மூன்று மாதம் கழித்து இருபத்து மூன்றின் இலைகள் பெட்டிக்குள் போயின. வைத்தியர் அந்த மாதிரி இலையைப் பார்த்ததே இல்லை. நாவலின் பசி அடங்கியிருந்தது. பதினெட்டு வருஷத்தில் அது முதல் தடவை. பெட்டி ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டே இருந்தது. மறுநாள் சீட்டு வந்தது. அதைக் கொடுக்க ரேஞ்சரே கூடாரத்துக்கு நடந்து வந்தாள்.

"ஹெக்டேர் இருபத்து நான்கு. குழந்தை, எண்ணிக்கை ஒன்று. மேலுரம். தொண்ணூறு நாள். தாய்க்குப் பரிந்துரை இல்லை."

காசிமாயன் அதை நாலு தடவை படித்தான். அப்புறம், இது எந்தக் குழந்தை என்று கேட்டான். அவனுக்குத் தெரியாமலா கேட்டான்? வேறு யாராவது பெயரைச் சொல்ல மாட்டாளா என்கிற நப்பாசைதான்.

கமலவேணி தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள். "அன்னைக்கு என்னென்ன உள்ள வந்துச்சோ அத்தனையும் சாவடிப் பட்டியல்ல இருக்கு. பெரியவங்க ஆய்வுக்கு எல்லா ஹெக்டேருக்கும் வந்திருக்காங்க. ஆடு தினமும் மேயுது. நாவிதரும் ஆசாரியும் பெரியவங்க கணக்குல போயிட்டாங்க. பெட்டி இதுக்கு முன்னால பாக்காதது ஒண்ணே ஒண்ணுதான். கைக்குழந்தை."

"அது பிள்ளையால இல்லம்மா, மண்ணால. சாமி மண்ணு."

"மண்ணு பட்டியல்ல இல்லையே."

இப்போது எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். எழுதினால் என்ன ஆகும்? குலதெய்வம் யூரியாவுக்கு அடுத்த வரியில் ஏறும். முந்நூறு தலைக்கட்டும் திரண்டு வந்து அவனைத்தான் கிடாவாக வெட்டும். அதுவும் போகட்டும், வைத்தியருக்குக் காது கிடையாது. இலையை மட்டும்தான் நம்புவார்.

அடுத்த மாதம் முதல் தேதி பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிப் பேச்சியின் ஊரான வேப்பனூற்றுக்குக் கொள்முதல் ஆணை போய்விட்டது. பேச்சி போனில் கத்தவில்லை, அழவில்லை. "அண்ணே, எம்பிள்ளையை உரமா எழுதிட்டாங்களாமே" என்று மட்டும் கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் ரேஞ்சரிடம் போய், முதல் தேதிக்கு முன்னால் இருபத்து மூன்றில் ஒரு மறுசோதனை இருக்கிறதா என்று கேட்டான். இருபத்தைந்தாம் தேதி இருக்கிறது என்றாள். அதில் இலை வெளுத்துப் போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"குழந்தையால பலன் இல்லன்னு பெட்டி முடிவு பண்ணி நீக்கிடும்" என்றாள். "ஆனா அதோட நிக்காது. அந்த ஹெக்டேர்ல ஏற்கெனவே இருக்குற மேலுரமும் வேலை செய்யலன்னு எடுத்துக்கும். அதை அடியுரமா மாத்திடும். இருபத்து மூணுல யாரு இருக்கான்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல."

அடியுரம் எங்கே போடுவார்கள் என்று துரைக்கண்ணு சொன்னது அவன் காதில் அப்படியே இருந்தது. குழிக்குள் போட்டு மூடுவது.

உரமான பிறகும் அங்கே இலை பறிக்கிறது அவன்தான். இருபத்தைந்தாம் தேதி காலையில் காசிமாயன் இலை பறிக்கும் துரட்டியை எடுக்கவில்லை. மரத்தில் ஏறவில்லை. நாவலடியில் குந்தி உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த பழுப்பு இலைகளை ஒன்றொன்றாகப் பொறுக்கி, துண்டால் துடைத்துப் பையில் போட்டான். ஒன்பது வருஷத்தில் ஒரு இலையைக்கூட அவன் கீழிருந்து எடுத்ததில்லை. இலுப்பையில் ஏறி வழுக்கி விலா எலும்பு முறிந்த வருஷம்கூட, கட்டோடு வந்து கீழே நின்று, ஏறினவர்களிடம் உச்சி இலையா என்று கேட்டு வாங்கியவன். கை கூசத்தான் செய்தது. தலைக்கு மேலே நாவல் கன்னங்கரேலென்று தழைத்து நின்றது. அதை அண்ணாந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேரடியில் சாமி இருந்த பக்கம் திரும்பி, எல்லாம் தெரியும் உனக்கு, வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

பெட்டி பழுப்பிலையைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தது. அவர் அதிர்ச்சியடைந்துவிட்டார் என்றார் ஜெபமாலை.

சீட்டைத் துரைக்கண்ணு வாசித்தார். குழந்தை, பயனற்றது, நீக்கவும். காசிமாயன், மேலுரமாகப் பலனில்லை, அடியுரமாக மாற்றவும். குழியின் ஆழம் மூன்றடி.

காசிமாயன் முதல் பாதியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு தங்கச்சிக்குப் போன் போட்டு, பிள்ளையின் பெயரை அடித்தாயிற்று என்று சொன்னான். அவள் எப்படி என்று கேட்டாள். மாமன் சீர் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பிள்ளைக்குக் காதுகுத்தின்போது அவன் போட்டது ஒரு ஜோடி சின்னத் தோடுதான். அது குறையாகவே அவன் மனதில் கிடந்தது. இப்போது கொஞ்சம் தேவலை போல இருந்தது.

மண்வெட்டி எங்கே என்று ஆட்கள் விசாரிக்கிற நேரத்தில் கமலவேணி விதிப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தாள். முந்நூற்று நாற்பது பக்கத்தையும் உட்கார்ந்து படித்திருக்கிறாள், பாவம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அடியுரம் மரம் நடறதுக்கு முன்னாடிதான் போடணும்" என்றாள். "நட்ட மரத்துக்குப் போடக் கூடாதுன்னு இருக்கு. இந்தக் காட்டுல எல்லாம் நட்டாச்சு. குழியே இல்ல. புதுசா எங்கயாவது நடற வரைக்கும் இவரு இருப்புலதான் இருக்கணும்."

துரைக்கண்ணு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. விதி என்றால் விதிதான். அதோடு இன்னொன்றும் கண்டுபிடித்தார். அடியுரத்தைக் காட்டுக்குள் வைக்கக் கூடாது. அதற்கான கிட்டங்கி சாவடிக்கு அந்தப் பக்கம் சந்தைப்பட்டியில் இருக்கிறது. அதற்கும் அவர்தான் பொறுப்பு. கிட்டங்கி விட்டுக் கிட்டங்கி மாற்றுவதற்குச் சாக்கும் வேண்டாம், சீலும் வேண்டாம். மேலே தார்ப்பாய் போட்டிருந்தால் போதும்.

அப்படித்தான் காசிமாயன் லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சோதனைச் சாவடியைத் தாண்டினான். சந்தைப்பட்டியிலிருந்து வேப்பனூற்று கூப்பிடு தூரம்.

உரம் ஈரத்தரையில் இருக்கக் கூடாது என்பதால் அவனுக்கு ஒரு மரக்கட்டில் கொடுத்தார்கள். நனையக் கூடாது என்பதால் ஒரு குடை. தினமும் மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவெல்லாம் சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான். அந்த நேரத்துக்கெல்லாம் துரைக்கண்ணு 'வெயிலில் காய வைக்கப்பட்டது' என்று எழுதி வைத்தார். பொய்யும் இல்லை பாருங்கள்.

ஆனாலும் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. எங்கே யார் மரம் நட்டாலும் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏறி வைத்தியருக்குத் தெரிந்துவிடும். அருகிலிருக்கும் அடியுரத்தைத் தானாக ஒதுக்கிவிடுவார். மரம் நடு விழா என்று எங்காவது ஒலிபெருக்கி வைத்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. மண்வெட்டியோடு யாராவது நடந்து போனால் குடையை விரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். நல்லவேளை, ஜனங்கள் ரொம்ப நட்டுவிடவில்லை. மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது.

நாலாம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கயலு பால்வாடியிலிருந்து நேராகக் கிட்டங்கிக்கு வந்தாள். பின்னால் பேச்சி மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள். நாலு வயசுப் பிள்ளை, காதில் மாமன் போட்ட தோடு, கையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு நாவல் கன்று இருந்தது.

துரைக்கண்ணுவின் பேனா நின்றது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் மூட்டையோடு நின்றார்கள்.

"டீச்சர் குடுத்தாங்க மாமா" என்றாள் கயலு. "இதை நடணும். மாமா கையாலதான் குழி வெட்டணும்."

"நான்தான் முன்னாடி எப்பவோ சொன்னேன், எதுன்னாலும் மொதல்ல மாமன் கையாலன்னு" என்று பேச்சி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை கன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடும். காசிமாயன் அந்த முகத்தைப் பார்த்தான். பால்வாடியிலிருந்து அத்தனை தூரம் ஒரு இலை கசங்காமல் கொண்டுவந்திருந்தாள். வெயில் படுகிற பக்கத்து இலை இரண்டு நன்றாக முற்றி, பார்க்க அழகாக இருந்தது. அவன் கட்டிலிலிருந்து இறங்கி மண்வெட்டியை எடுத்தான்.

"எம்புட்டு ஆழம் வெட்டணும்டா?"

கயலு அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு கன்றைப் பார்த்தாள். பிறகு வலது கையை விரித்து, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை நீட்டிக் காட்டினாள்.

"இம்புட்டுப் போதும் மாமா. ரொம்ப வெட்டிராத, நீ உள்ள விழுந்துருவ."

துரைக்கண்ணு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பதிவேட்டையும் மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காசிமாயன் வாசலோரம் ஈரமண்ணில் குழி வெட்டினான். அவளுடைய கையால் ஒரு சாண். அதற்குமேல் ஒரு விரற்கடைகூட வெட்டவில்லை.